குலுக்கியாச்சு, கலர் வரல: மலை லேப்ல உலோகம் பிரிக்கறவங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தேயிலைல தாமிரம், தோட்டத்து மண்ணுல அலுமினியம், ஓடைத் தண்ணில ஈயம் துத்தநாகம்னு எது கேட்டாலும் ஐசிபி மெஷின்ல (பல உலோகத்தையும் ஒரே தடவைல அளக்கறது) ஏத்திட்டு டீ குடிக்கப் போற லேப் இல்ல எங்களது. இன்னும் செப்பரேட்டிங் ஃபனல்தான், கையால குலுக்கறதுதான், கடைசில ஸ்பெக்ட்ரோல ஒரு ரீடிங்தான். அதாவது உலோகத்த புடிச்சு கலர் குடுக்கற ரீஏஜென்ட்ட சேத்து, சாம்பிள் கரைசல குளோரோஃபார்ம் மாதிரி தண்ணியோட கலக்காத சால்வென்ட்டோட குலுக்கறோம், உலோகம் அந்த சால்வென்ட்டுக்கு (இதத்தான் ஆர்கானிக் லேயர்ங்கறோம்) ஏறிடும், அந்தக் கலர் எவ்வளவு அடர்த்தின்னு ஸ்பெக்ட்ரோ அளக்கும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் இதே வேலை பாக்கறவங்களும் எம்எஸ்சி ப்ராஜெக்ட் பசங்களும் திரும்பத் திரும்ப அதே கேள்விங்களத்தான் கேக்கறாங்க, அதனால என்ன கோளாறு கண்ணுக்குத் தெரியுதோ அத வெச்சே எழுதிடறேன். புத்தகத்துல எல்லாமே 25 டிகிரில, சமவெளில நடக்கற மாதிரிதான் இருக்கும், இங்க டிசம்பர் காலைல லேப்புக்குள்ள 10 டிகிரி, ஊட்டி 2240 மீட்டர் உயரம், தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடுது, அது எங்கெங்க கால வாரும்னும் நடுநடுவுல சொல்றேன்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல இத பழகிக்கோங்க: ஆர்கானிக் லேயர இறக்கின உடனே மிச்சமிருக்கற தண்ணி லேயர சிங்க்ல கொட்டாதீங்க. ரீடிங் வந்து கணக்கு சரியா உக்கார்ற வரைக்கும் லேபிள் ஒட்டி வெச்சிருங்க. எல்லாரும் கலர் வந்த லேயரையே உத்து உத்துப் பாக்கறாங்க, ஆனா முக்கால்வாசி பிரச்சனைக்கு பதில் அந்தத் தண்ணிலதான் கெடக்கு. அதோட பிஹெச்ச குலுக்கின பிறகு அளக்கணும். டைத்திசோன், ஆக்ஸின் மாதிரி ரீஏஜென்ட் உலோகத்த புடிக்கறப்ப ஹைட்ரஜன் அயனிய வெளிய விடும், பஃபர் (பிஹெச்ச நிலையா வெக்கற கரைசல்) பலவீனமா இருந்தா பிஹெச் சத்தமில்லாம இறங்கிடும், நீங்க முன்னாடி அளந்து நோட்டுல எழுதின நம்பர் அப்படியேதான் இருக்கும். பிஹெச் 1 இறங்கினா ரெண்டு சார்ஜ் அயனிக்கு பிரிவு விகிதம் (ஆர்கானிக் லேயர்ல இருக்கற செறிவுக்கும் தண்ணில இருக்கறதுக்கும் உள்ள விகிதம்) 100 மடங்கு விழும், மூணு சார்ஜ் அலுமினியத்துக்கு 1000 மடங்கு. அதனாலதான் நேத்து வந்துது இன்னிக்கு வரலங்கற கதையெல்லாம்.

கலரே வரல, இல்ல ரொம்ப வெளிறிப்போய் வருது

தேயிலைல தாமிரம் பாக்கறதுக்கு நாம பெரும்பாலும் எடுக்கறது டிடிடிசி, அதாவது சோடியம் டைஎத்தில் டைத்தியோகார்பமேட். தாமிரத்தோட சேந்து தேன் மஞ்சள் கலர் குடுக்கும், 436லேர்ந்து 440 நானோமீட்டர் அலைநீளத்துல படிக்கறோம். இதுல வர்ற முதல் போன் கால் எப்பவுமே ஒரே மாதிரிதான்:

"அண்ணா, டிடிடிசி ஊத்திட்டேன், குளோரோஃபார்ம்ல மஞ்சளே ஏறல."
"தம்பி, பிஹெச் காட்டற தைமால் புளூ என்ன கலர்ல நிக்குது?"
"மஞ்சளாத்தான்ணா இருக்கு."
"அப்போ பிஹெச் 8ஐயே தொடல. அமோனியா விட்டு பச்சைக்குக் கொண்டு வா, பழச கொட்டிட்டு புது அலிக்வாட் எடு."

புது அலிக்வாட் (சாம்பிள் கரைசல்ல அளந்து எடுக்கற பங்கு) ஏன்னா, டிடிடிசி ஆசிட்ல நிக்காது, கார்பன் டைசல்ஃபைடாவும் டைஎத்தில் அமீனாவும் உடைஞ்சு போயிடும், அதுக்கப்புறம் அமோனியாவ எவ்வளவு விட்டாலும் செத்தது பொழைக்காது. வரிசை முக்கியம்: சாம்பிள், சிட்ரேட் ஈடிடிஏ கலவை (வேற உலோகங்கள தண்ணிலயே கட்டி வெக்க), இண்டிகேட்டர், பச்சை இல்ல நீலப்பச்சை வர்ற வரைக்கும் அமோனியா (பிஹெச் 8.5 பக்கம்), ஆற விடுங்க, அப்புறம்தான் ரீஏஜென்ட். சிட்ரேட் இல்லாம அமோனியா விட்டா இரும்பும் அலுமினியமும் ஹைட்ராக்சைடா திரிஞ்சு தாமிரத்தையும் கூட்டிட்டு அடில போய் உக்காந்துக்கும்.

பிஹெச் சரியா இருந்தும் வெளிறியிருந்தா மாங்கனீச சந்தேகப்படுங்க. தேயிலை மாங்கனீச அள்ளிக் குடிக்கற செடி, கிலோவுக்கு 1000 மில்லிகிராம் வரைக்கும்கூட இலைல இருக்கும். 1 கிராம் இலைய கரைச்சீங்கன்னா 1 மில்லிகிராம் மாங்கனீசு உள்ள வருது, ஈடிடிஏ போட்டு அத கட்டி வெக்கலன்னா அது ஒண்ணே 8 மில்லிகிராம் டிடிடிசிய முழுங்கிடும், நீங்க ஊத்தினதோ 1 சதவீதக் கரைசல் 1 மில்லி, அதாவது மொத்தமே 10 மில்லிகிராம். மிச்ச 2 மில்லிகிராமுக்கு இரும்பும் தாமிரமும் அடிச்சிக்கணும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் தாமிரம் உள்ள இலைன்னா 10 மில்லி ஆர்கானிக் லேயர்ல, 1 சென்டிமீட்டர் செல்லுல (ஸ்பெக்ட்ரோக்குள்ள வெக்கற சின்னக் கண்ணாடிக் குப்பி), 0.6 பக்கம் ரீடிங் வரணும், அத மனசுல வெச்சுக்கிட்டா உங்க ரீடிங் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு உடனே புரிஞ்சிடும். கொப்புள நோய்க்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிச்ச தோட்டத்து இலை வேற மாதிரி, டீத்தூளுக்கு சட்டப்படி உச்ச வரம்பே கிலோவுக்கு 150 மில்லிகிராம் தாமிரம், அந்த அளவுல 1 கிராம் எடுத்தா ரீடிங் 3ஐ தொடும், அது எந்த ஸ்பெக்ட்ரோலயும் நம்பற நம்பர் இல்ல, அலிக்வாட்ட குறைங்க.

அடுத்தது குளிர். ஈடிடிஏ தாமிரத்தையும் கொஞ்சம் கைய புடிச்சு இழுக்கும், கடைசில டிடிடிசிதான் ஜெயிக்கும், ஆனா நேரம் எடுக்கும். ரெண்டு நிமிஷம் குலுக்குன்னு எழுதியிருக்கறது வெதுவெதுப்பான ரூமுக்கு. 10 டிகிரில அது பத்தறதில்ல. சரிபாக்கற வழி சுலபம், எடுத்து வெச்ச தண்ணி லேயர்ல புதுசா 5 மில்லி குளோரோஃபார்ம் விட்டு இன்னொரு தடவ குலுக்குங்க, மஞ்சள் தட்டினா முதல் குலுக்கல் முடியவே இல்லன்னு அர்த்தம்.

அமோனியா பஃபர்ல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் அதோட பிஹெச் 0.03 பக்கம் ஏறும், 25ல இருந்து 10க்கு வந்தா அரை யூனிட் ஏறியாச்சு. பிஹெச் மீட்டர காலிபரேட் பண்ற பஃபரும் அப்படியே இருக்காது, போராக்ஸ் 9.18ங்கறது 10 டிகிரில 9.33. மீட்டர்ல டெம்பரேச்சர் நாபை 25லயே விட்டுட்டு ஈயத்துக்கு டைத்திசோன் பண்ணா என்னத்த சொல்றது. பாட்டில் மேல சின்ன டேபிள் ஒட்டியிருப்பாங்க, அதப் பாருங்க.

இதெல்லாம் சரின்னா டைஜெஷன்ல (இலையையோ மண்ணையோ ஆசிட்ல கொதிக்க வெச்சு கரைக்கறது) மிஞ்சின நைட்ரஸ் புகை, குளோரின் மாதிரி ஆக்சிடைசர் இருக்கான்னு பாருங்க. டிடிடிசி, டைத்திசோன் ரெண்டையும் அது தின்னுடும். கொஞ்சம் யூரியா போட்டு கொதிக்க வெச்சா, இல்ல ஹைட்ராக்ஸிலமீன் சேத்தா அடங்கும். நைட்ரிக் ஆசிட்ல இலைய நல்லா எரிச்சு முடிக்காம பெர்குளோரிக் ஊத்தறவங்களுக்கு ஒரே வார்த்தை, ஊத்தாதீங்க, வெடிக்கும்.

பிளாங்க்லயே கலர் வருது

சாம்பிள் இல்லாமலே மஞ்சள், இல்ல டைத்திசோன் பச்சைல இருந்து சிவப்புக்குத் தாவுது. எல்லாரும் முதல்ல ஃபனலத்தான் திட்டுவாங்க, 10 சதவீத நைட்ரிக்ல ராத்திரி முழுக்க ஊற வெச்ச ஃபனல்னா அது மேல தப்பு இருக்காது. நிஜமான திருடன் அமோனியம் சிட்ரேட். பாட்டில்ல ஆனலிடிக்கல் கிரேடுன்னு எழுதியிருந்தாலும் ஈயமும் தாமிரமும் மைக்ரோகிராம் கணக்குல இருக்கும், நீங்க தேடறதும் அதே மைக்ரோகிராம்தான். சிட்ரேட் கரைசல அமோனியா விட்டு பிஹெச் ஏத்தி, டைத்திசோன் குளோரோஃபார்மோட திரும்பத் திரும்ப குலுக்குங்க, பச்சை பச்சையாவே நிக்கற வரைக்கும், அப்புறம் வெறும் குளோரோஃபார்ம் விட்டு மிஞ்சின டைத்திசோன கழுவிடுங்க. டிடிடிசி வேலைக்கும் இதே கதைதான், டிடிடிசி போட்டு மஞ்சள் வர்றது நிக்கற வரைக்கும் சுத்தம் பண்ணணும். ஒரு லிட்டர் மொத்தமா செஞ்சு வெச்சுட்டா சீசன் முழுக்க தலைவலி இல்ல.

துத்தநாகம் பாக்கறவங்களுக்கு மலைல தனி ஆபத்து ஒண்ணு, நம்ம கூரை. பழைய லேப் கட்டடம் நிறையதுக்கு மேல நாகம் பூசின தகர ஷீட்தான், மழைத்தண்ணிய தொட்டில புடிச்சு ஸ்டில்லுக்கு (தண்ணிய காய்ச்சி வடிக்கறது) விட்டா துத்தநாகமும் கூடவே வருது, ஸ்டில் சரியா பராமரிக்கலன்னா துளி துளியா தெறிச்சு டிஸ்டில்டு வாட்டர்லயும் ஏறும். ரப்பர் கார்க், ரப்பர் டியூப், பவுடர் போட்ட கிளவுஸ் எல்லாத்துலயும் துத்தநாகம் இருக்கு. தாமிரம் பாக்கறவங்க ஸ்டில்லோட உள்பக்கம் தாமிரத் தகடான்னு ஒருதடவ திறந்து பாத்துடுங்க. பிளாங்க் ஒரே மாதிரி கொஞ்சம் அதிகமா இருந்தா கழிச்சுக்கலாம், ஆனா மூணு பிளாங்க் மூணு மாதிரி வந்தா கழிக்கறதுல பிரயோஜனமே இல்ல, அது ரீஏஜென்ட் பிரச்சனை இல்ல, தூசியோ ஃபனலோ கையோதான்.

ரெண்டு லேயரும் பிரியவே மாட்டேங்குது

மண் சாம்பிள் பண்றவங்க புலம்பல்ல பெரிசு இதுதான். நடுவுல பால் மாதிரி, இல்ல டீ ஆடை மாதிரி பழுப்பா ஒரு பட்டை, அரை மணி நேரம் ஆனாலும் அசையாது. மேட்டு நெலத்து கறுப்பு மண்ணு, சோலை ஓரத்து மண்ணு இதிலெல்லாம் மக்கின சரக்கு அதிகம், ஹ்யூமிக் ஆசிட் சோப்பு மாதிரி வேலை செஞ்சு குளோரோஃபார்ம் துளிங்கள தனித்தனியா போர்த்தி வெச்சிடும். சரியா எரியாத இலை டைஜெஸ்ட்டும் அதே ரகம்தான், இலைச்சாறுல இருக்கற பாலிஃபினால் போகவே போகாது. டைஜெஸ்ட் வெளிர் மஞ்சளாவோ நிறமில்லாமலோ ஆகறதுக்குள்ள அவசரப்பட்டு இறக்கினா இந்த விலைய குடுத்தாகணும். இங்க ஆசிட்டும் கீழ் சூட்டுலயே கொதிக்கறதால டைஜெஷன் சமவெளிய விட நேரம் புடிக்கும், அங்க சொன்ன மணிக்கணக்க அப்படியே நம்பாதீங்க, டைஜெஸ்ட்டோட நிறத்த நம்புங்க.

பட்டை விழுந்தாச்சுன்னா என்ன பண்றது. முதல்ல கைய வெக்காம பத்து நிமிஷம் விடுங்க, ஃபனல லேசா வட்டமா சுத்திவிடுங்க, கண்ணாடி குச்சியால சுவர் ஓரமா தடவிவிடுங்க. அடங்கலன்னா ஃபனல 30 டிகிரி தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வெயுங்க, மூடிய தளர்த்திட்டுதான், ஏன்னா ஊட்டி உயரத்துல குளோரோஃபார்ம் 61 டிகிரில இல்ல, 53 பக்கத்துலயே கொதிக்கும். குளிருதான் பாதி எமல்ஷனுக்கு (இந்தக் கலையாத பட்டைக்கு) காரணம், அதனால பல நேரம் இந்த வெதுவெதுப்பே போதும். அப்புறம் உப்பு, சுத்தமான சோடியம் குளோரைடோ சல்ஃபேட்டோ, ஆனா அத பிளாங்க்லயும் அதே அளவு போடணும். அதுக்கும் மசியலன்னா சென்ட்ரிஃப்யூஜ், கண்ணாடி டியூப்ல மட்டும், பாலிஸ்டைரீன் டியூப்ல குளோரோஃபார்ம் ஊத்தினா டியூப் உங்க கைலயே கரைஞ்சு ஒழுகும். சில பேர் ஸ்பிரிட் ரெண்டு சொட்டு விடுவாங்க, வேலை செய்யும்தான், ஆனா பிரிவு விகிதத்தையும் ஆர்கானிக் லேயர் அளவையும் அசைச்சுடும், எனக்கு அது புடிக்காது.

அடுத்த தடவ வராம இருக்கணும்னா டைஜெஸ்ட்ட வடிகட்டிட்டு ஃபனல்ல ஊத்துங்க. கரையாத சிலிக்காப் பொடி ரெண்டு லேயருக்கு நடுவுல போய் உக்காந்துக்கிட்டா எமல்ஷன ஜென்மத்துக்கும் கலைய விடாது. ஓடைத் தண்ணின்னா மேல துணி துவைக்கற துறை இருக்கான்னு விசாரிங்க, டிடர்ஜென்ட் வந்திருந்தா முதல்ல ஆசிட் விட்டு எரிச்சே ஆகணும். குலுக்கறதும் ஒரு கை வேலை. காக்டெயில் குலுக்கற மாதிரி வேணாம், தலைகீழா திருப்பி நிமித்தி, திருப்பி நிமித்தி, கொஞ்சம் நிதானமா.

ஸ்டாப் காக்க மேல் பக்கமா திருப்பி காத்த வெளிய விட மறக்காதீங்க. மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டறதுக்குள்ள பலூனா உப்பறத எல்லாரும் பாத்திருப்பீங்க, கீழ இருந்து வர்ற குளோரோஃபார்ம் பாட்டிலும் அதேதான், சமவெளி காத்தழுத்தத்த உள்ள வெச்சுட்டு வருது. பாட்டில முதல்தடவ திறக்கறப்ப ஹூட்டுக்குள்ள, முகத்த தள்ளி வெச்சு திறங்க.

பிரிஞ்சுது, ஆனா கீழ் லேயர் கலங்கலா இருக்கு

பயப்பட வேணாம், தண்ணி. வெதுவெதுப்பா இருக்கறப்ப குளோரோஃபார்ம்ல கரைஞ்ச தண்ணி குளிருல வெளிய வந்து பனி மாதிரி நிக்கும். ஃபனல் தண்டுல சின்னதா பஞ்சு அடைச்சு அது வழியா இறக்குங்க, இல்ல தண்ணியில்லாத சோடியம் சல்ஃபேட் கொஞ்சம் தூவி விடுங்க. ஜூன் ஜூலைல பாட்டில திறந்தே வெச்சிருந்தா சல்ஃபேட்டே ஈரம் குடிச்சு கல்லா போயிருக்கும், அத ஓவன்ல போட்டு எடுத்துட்டுதான் நம்பணும். எனக்குப் புடிச்சது பஞ்சுதான். முதல்ல வர்ற ரெண்டு மில்லிய தள்ளிட்டு மிச்சத்த செல்லுல புடிச்சா போதும்.

கலர் வந்துது, அப்புறம் மாறிடுச்சு

ஒவ்வொரு ரீஏஜென்ட்டும் வேற வேற மாதிரி. தாமிரம் டிடிடிசி கலர் வெளிச்சத்துல மெதுவா மங்கும், சன்னல் ஓரத்துல வெச்சுட்டு சாப்பிடப் போகாதீங்க, அரை மணிக்குள்ள படிச்சுடுங்க. டைத்திசோன் கரைசல் வெளிச்சத்துலயும் பழைய குளோரோஃபார்ம்லயும் ஆக்சிடைஸ் ஆகி பச்சை போய் மஞ்சளாகும், அந்த மஞ்சள் உலோகமும் இல்ல, டைத்திசோனும் இல்ல. சோதிக்கணும்னா ஒரு பாகம் அமோனியா 100 பாகம் தண்ணி கலந்த கரைசலோட குலுக்குங்க, நல்ல டைத்திசோன் ஆரஞ்சா மேல தண்ணிக்கு ஏறிடும், கெட்டது மஞ்சளா கீழயே தங்கிடும். சுத்தம் பண்றதும் இதே வழிதான், மேல ஏறினத பிரிச்சு ஆசிட் விட்டு புது குளோரோஃபார்முக்கு இறக்கிக்கலாம். பழுப்பு பாட்டில், ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். குளோரோஃபார்மே வெளிச்சம் பட்டு காத்தோட சேந்தா பாஸ்ஜீனாகும், அதத் தடுக்கத்தான் அரை, ஒரு சதவீதம் எத்தனால் சேத்து விக்கறாங்க, பழைய பாட்டில நம்பவே நம்பாதீங்க.

பாதரசம் விஷயத்துல ஒரு வேடிக்கை. ஆசிட்ல பாதரச டைத்திசோனேட் ஆரஞ்சு மஞ்சளா வரும், பளிச்சுனு வெளிச்சம் பட்டா நீலமாகும், இருட்டுல வெச்சா திரும்ப ஆரஞ்சு. கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஆலை 2001ல மூடினதுக்கு அப்புறம் பழனி மலைப் பக்கம் பாதரசம்னாலே எல்லாருக்கும் ஒரு ஆர்வம், ப்ராஜெக்ட் பசங்க டைத்திசோன எடுத்துட்டு வந்துடறாங்க, கலர் ஆடறத பாத்து சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு கொட்டிடறாங்க. கொட்ட வேணாம், மங்கின வெளிச்சத்துல குலுக்கி உடனே 490 பக்கத்துல படிங்க. ஆனா ஏரித் தண்ணில இருக்கற அளவுக்கு இந்த முறை பத்தாது, அதுக்கு கோல்டு வேப்பர் (குளிர் ஆவி) முறைதான்.

வேற ஏதோ கலர் வருது

மண்ணுல அலுமினியத்துக்கு ஆக்ஸின் போட்டா குளோரோஃபார்ம் வெளிர் மஞ்சளாகணும், 390ல படிக்கணும். பச்சையும் கறுப்புமா வந்தா அது இரும்பு. ஹைட்ராக்ஸிலமீன் போட்டு ஃபெரஸ் ஆக்கி ஃபினாந்த்ரோலின் போட்டு கட்டிடுங்க, அப்புறம் பிஹெச் 8.3 பக்கம் ஆக்ஸின் விடுங்க. நம்ம தேயிலை மண்ணு ஆசிட் மண்ணு, பிஹெச் 4.5, 5ன்னு நிக்கும், அலுமினியம் தாராளமா கரைஞ்சு வரும், செடியும் அத இலைல சேத்து வெக்கும். இதுல குலுக்கற நேரம் ரொம்ப முக்கியம். 15 செகண்ட் குலுக்கினா சும்மா திரியற அலுமினியம் மட்டும் வரும், நிமிஷக்கணக்குல குலுக்கினா ஹ்யூமிக் ஆசிட் புடிச்சு வெச்சிருக்கறதும் கழண்டு வரும், ரெண்டுமே உண்மையான நம்பர்தான், ஆனா வேற வேற கேள்விக்கு பதில். ஒருத்தர் 15 செகண்டும் இன்னொருத்தர் 2 நிமிஷமும் குலுக்கிட்டு ரெண்டு லேப் ரிசல்ட்டும் ஒத்து வரலன்னு சண்ட போட்டுக்கறதுல அர்த்தமே இல்ல.

அசிட்டிக் ஆசிட்ல ஆக்ஸின கரைக்கறவங்க காலைல பாட்டில திறந்து பாத்தா கல்லு மாதிரி இருக்கும். கிளேசியல் அசிட்டிக் 16.6 டிகிரில உறைஞ்சிடும், ஊட்டில பாதி வருஷம் விடியக்காலைல அப்படித்தான். பாதி உருகினத மட்டும் மேலாக்க ஊத்திக்காதீங்க, தண்ணி கலந்த பாகம்தான் முதல்ல உருகும், அதுல பலம் குறைவு. மூடிய தளர்த்தி வெதுவெதுப்பான தண்ணில வெச்சு முழுசா உருக்கி, கலக்கிட்டு எடுங்க.

எத்தனை குலுக்கினாலும் 80 சதவீதத்துக்கு மேல ஏறல

இது கெமிஸ்ட்ரி இல்ல, கணக்கு. பிரிவு விகிதம் 10, தண்ணி 50 மில்லி, ஆர்கானிக் 20 மில்லிய ஒரேயடியா ஊத்தினா தண்ணில 20 சதவீதம் மிஞ்சும். அதே 20 மில்லிய 10, 10ன்னு ரெண்டு தடவையா பிரிச்சா 11 சதவீதம்தான் மிஞ்சும், 5 மில்லியா நாலு தடவைன்னா 6. சரக்கு அதேதான், செலவு அதேதான். அதுக்காக இருபது தடவையா பிரிக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் ஃபனல் சுவர்ல ஒட்டறது, ஆவியாகறதுன்னு நஷ்டம் கூடிட்டே போகும், மூணு தடவை போதும்.

ஆர்கானிக் லேயரோட அளவே மாறுதுங்கறத நிறைய பேர் கவனிக்கறதில்ல. குளோரோஃபார்ம் தண்ணில 0.8 சதவீதம் கரையும், 100 மில்லி தண்ணியோட 10 மில்லி குலுக்கினா அரை மில்லி காணாமப் போகும். எம்ஐபிகே (மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன், இன்னொரு சால்வென்ட்) இன்னும் மோசம், 2 சதவீதம் பக்கம் கரையும், 200 மில்லி தண்ணில 10 மில்லி ஊத்தினா பாதிதான் திரும்பி வரும், ரிசல்ட் ரெண்டு மடங்கா தெரியும், தோட்டத்துக்காரர் நம்மள ஒரு மாதிரி பாப்பார். தண்ணிய முன்னாடியே எம்ஐபிகேயோட குலுக்கி நெறைச்சு வெச்சுக்கோங்க, ஸ்டாண்டர்ட நேரா எம்ஐபிகேல கரைக்காம சாம்பிள் மாதிரியே தண்ணில இருந்து எடுங்க. ஏஏஎஸ்ல (அணு உறிஞ்சல் மெஷின்) ஏபிடிசி (டிடிடிசி மாதிரி இன்னொரு ரீஏஜென்ட்) எம்ஐபிகே பண்றவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம்: மாங்கனீசு காம்ப்ளெக்ஸ் நிக்காது, எடுத்த அன்னிக்கே உடனே படிக்கணும், கெட்டியான ஹைட்ரோகுளோரிக்ல இருக்கற மண் டைஜெஸ்ட்ட நேரா எம்ஐபிகேல குலுக்கினா ரீஏஜென்ட்டே இல்லாம இரும்பு குளோரைடா மேல ஏறிடும். அது தொல்லைன்னு நினைக்காதீங்க, வேணும்னே முதல்ல ஒரு தடவ அப்படி குலுக்கி இரும்ப தூக்கிப் போட்டுட்டா மிச்ச வேலை சுலபம்.

ஆர்கானிக்ல ஏறினது திரும்ப இறங்கல

டைத்திசோன்ல ஏறின ஈயமும் துத்தநாகமும் 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் போட்டு குலுக்கினா சமத்தா தண்ணிக்கு இறங்கிடும், தாமிரமும் பாதரசமும் அங்கயே உக்காந்திருக்கும். இத வெச்சே பிரிச்சுக்கலாம். டிடிடிசில ஏறின தாமிரம் நீர்த்த ஆசிட்டுக்கெல்லாம் மசியாது, சால்வென்ட்ட ஹூட்டுக்குள்ள ஆவியாக்கிட்டு மிச்சத்த நைட்ரிக்ல எரிச்சுதான் எடுக்கணும். வாட்டர் பாத் இங்க 100 டிகிரிக்குப் போகாதுன்னாலும் குளோரோஃபார்முக்கு அது தேவைக்கு மேலயே.

மூணு லேயர் வந்துடுச்சு

ரேர் எர்த் (அருமண் உலோக) ப்ராஜெக்ட்ல மண்ணெண்ணெய்ல டி2ஈஹெச்பிஏ (உலோகத்த புடிக்கற ஒரு பாஸ்பாரிக் ரீஏஜென்ட்) கரைச்சு, சோடா போட்டு நியூட்ரல் பண்றவங்களுக்குத்தான் இது. சோடியம் உப்பு மண்ணெண்ணெய்ல சரியா கரையாம தனி அடுக்கா விழும், குளிருல இன்னும் சீக்கிரமா. 5 சதவீதம் டிபிபியோ (ட்ரைபியூட்டைல் பாஸ்பேட்) ஐசோடெகனாலோ சேத்தா சரியாயிடும். ரேஷன் கடை மண்ணெண்ணெய எடுத்துட்டு வராதீங்க, அதுல நீலச் சாயம் போட்டிருக்கும், ஸ்பெக்ட்ரோல அந்த நீலத்தத்தான் படிச்சுட்டு இருப்பீங்க.

மெஷின் ரீடிங் ஆடிட்டே இருக்கு

ஃபனல் வேலையெல்லாம் சரி, ஒரே செல்ல மூணு தடவ வெச்சா மூணு நம்பர். செல்ல எடுத்து வெளிச்சத்துக்கு நேரா புடிங்க. மூடுபனி நாள்ல குளிர்ந்த கண்ணாடி மேல நீராவி படிஞ்சிருக்கும், நீங்க துடைச்சு வெச்சதும் உள்ள போய் திரும்ப படியும், ரீடிங் மெதுவா ஏறும், அப்புறம் லேம்ப் சூட்டுல காஞ்சு இறங்கும். மெஷின போட்டு அரை மணி நேரம் சூடேற விடுங்க, செல்லையும் அதே ரூம்ல, மெஷின் பக்கத்துலயே வெயுங்க. செல்லுக்கு மூடி போட்டே படிங்க, காத்தழுத்தம் குறைஞ்ச இடத்துல குளோரோஃபார்ம் சீக்கிரம் பறக்கும், கரைசல் கெட்டியாகி ரீடிங் ஒரே திசைல ஏறிட்டே போனா அதுதான் காரணம், பனி இல்ல. பழைய முறைல கார்பன் டெட்ராகுளோரைடுன்னு எழுதியிருக்கறதெல்லாம் இப்ப எடுக்க வேணாம், ஓசோன் விவகாரத்துல 1990 லண்டன் திருத்தத்துலயே அது பட்டியல்ல ஏறிடுச்சு. குளோரோஃபார்முக்கு மாறினீங்கன்னா பழைய காலிபரேஷன் கோட்ட அப்படியே வெச்சுக்காதீங்க, புதுசா போடுங்க.

கழிவு விஷயம். குளோரோஃபார்ம் தனி பாட்டில், எம்ஐபிகே தனி பாட்டில், ரெண்டையும் சேக்காதீங்க, ரெண்டையும் சிங்க்லயும் விடாதீங்க, குன்னூர் ஓடைல விட்டது கல்லார் வழியா பவானிக்குத்தான் போகுது. சயனைடு போட்டு ஈயம் பண்ற பழைய முறைய யாராவது இன்னும் பண்ணிட்டு இருந்தா அந்தத் தண்ணி லேயர் பக்கத்துல ஆசிட் பாட்டிலே இருக்கக் கூடாது, மாணவர்கள் கைல அந்த முறைய குடுக்கவே குடுக்காதீங்க. ஈயத்துக்கு ஏபிடிசி எம்ஐபிகே போட்டு ஏஏஎஸ்ல படிச்சுட்டா சயனைடு பாட்டிலயே திறக்க வேண்டியதில்ல.